தள்ளாடிய நடையும் ஒரு நூற்றாண்டுத் தேடலும்



இலக்கணமும் கற்பித்தல் முறையும் எழுதி வரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவன் அல்லன். நூல்களைப் படித்து அறிந்ததையே இங்குத் தொகுத்துத் தருகிறேன். ஏன் படித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எனக்கு மூத்தவராகப் பயின்ற ஒருவர், பின்னாளில் நான் பணியாற்றிய பள்ளிக்கே மாற்றலாகி வந்தார். அவரை அண்ணன் என்றுதான் அழைப்பேன். பள்ளியிலேயே அழகான கையெழுத்து அவருடையது. விளையாட்டுப் போட்டிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் பெயர்ப் பலகை எழுதுவது அவர்தான். ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அவருக்கு முப்பத்தாறு வயது நடக்கும்போது, அந்தக் கையெழுத்து கோணத் தொடங்கியது. காலையில் தலைவலி என்பார்; சில நாள் வாந்தியும் எடுப்பார். மாடிப்படியில் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். கால்களை அகட்டி வைத்து நடப்பார். பேச்சும் சற்றுக் குழறியது.

ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு எழுந்தது. "இராத்திரி போட்டது இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் அருகில் சென்று, மூச்சில் மது வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்த்தவர்களுள் நானும் ஒருவன். வாடை வரவில்லை. வரவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர் ஒரு கண் மருத்துவர். இடக்கண் மங்கலாகத் தெரிகிறது என்று மூக்குக்கண்ணாடி மாற்றப் போனவரை, கடைக்காரர் மருத்துவமனைக்கு அனுப்பினார். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்த மருத்துவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பார்வை போயிருக்கிறதா? மூளையில் கட்டி வந்து யாராவது இறந்திருக்கிறார்களா?" என்று கேட்டாராம். அண்ணன் திகைத்துப் போனார். தோட்டத்தில் பால் மரம் சீவிய அவர் தந்தைக்கு இளம் வயதிலேயே ஒரு கண் பார்வை போய்விட்டது. பெரியப்பா நாற்பது வயதில் தலைவலியால் துடித்து, நடை தள்ளாடி, படுத்த படுக்கையாகி இறந்தார். செய்வினை என்றுதான் லயத்தில் எல்லாரும் நம்பினார்கள்.

கண்ணைப் பார்த்த ஒருவர் மூளையைப் பற்றியும் பெரியப்பாவைப் பற்றியும் ஏன் கேட்டார்? அந்தக் கேள்வி ஒரே நாளில் பிறந்ததன்று. அது உருவாக ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

கண்ணில் தெரிந்த செம்பொட்டு

மாந்த உடலில் குருதிக்குழல்களை அறுக்காமலே நேரில் காணக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதுதான் கண்ணின் உட்புறத்தில் இருக்கும் விழித்திரை. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் அறிமுகப்படுத்திய கண்நோக்கி என்னும் சிறு கருவி அந்தச் சன்னலைத் திறந்துவிட்டது. மூளைக்குள் அழுத்தம் கூடினால் கண் நரம்பின் முனை வீங்குவதையும் அதன்வழி கண்டார்கள். மூளையைக் காண வழியில்லாத அந்நாளில் கண்தான் அதற்குச் சாட்சி சொன்னது.

1894-இல் இலண்டன் கண் மருத்துவர் டிரீச்சர் காலின்ஸ், உடன்பிறந்தார் இருவரின் விழித்திரையில் குருதிக்குழல்கள் திரண்டு கட்டிபோல் வளர்ந்திருப்பதை விவரித்தார். உடன்பிறந்தார் இருவருக்கு ஒரே அரிய நோய்! இது குடும்ப வழியில் வருவது என்பதற்கான முதல் குறிப்பு அதுவே எனலாம். பத்தாண்டு கழித்து, 1904-இல், ஜெர்மனியின் ஓய்கன் வோன் ஹிப்பல் அதே நோயை விரிவாக எழுதினார். விழித்திரையில் செந்நிற உருண்டை; அதற்குள் குருதி கொண்டு செல்லும் பருத்த குழல் ஒன்று; வெளியே கொண்டு வரும் பருத்த குழல் ஒன்று. 1911-இல் அந்த நோய்க்குப் பெயரும் சூட்டினார். ஆனால் அவர் கண் மருத்துவர். அவர் ஆய்ந்தது கண்ணை.

இன்னொரு பக்கம், பிணப் பரிசோதனைக் கூடங்களில் நோய்க்கூற்று மருத்துவர்கள் வேறொன்றைக் கண்டு வந்தார்கள். தலையின் பின்புறத்தில் இருக்கும் சிறுமூளையில், மஞ்சள் நிற நீர் நிறைந்த பைகள். அவர்கள் ஆய்ந்தது மூளையை.

ஒரே நோயின் இரு துண்டுகளும் இரு வேறு துறைகளின் ஏடுகளில் தனித்தனியே கிடந்தன.

இரண்டையும் இணைத்தவர்

சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் பணியாற்றிய நோய்க்கூற்று மருத்துவர் ஆர்விட் லிண்டாவ். சிறுமூளை நீர்ப்பைகளைப் பற்றி அவர் எழுதிய ஆய்வேடு 1926-இல் வெளிவந்தது. தாம் கண்டவற்றோடு பிறர் எழுதி வைத்த பழைய பதிவுகளையும் ஒன்று விடாமல் தேடிப் படித்தார். அதனால் அவர் கண்ட உண்மைகள் இரண்டு.

முதலாவது: அந்த நீர்ப்பைகள் பலவற்றின் சுவரில் ஒரு சிறு முடிச்சு ஒட்டிக்கொண்டிருக்கும். சில வேளைகளில் அது பட்டாணி அளவுதான். குருதிக்குழல்களால் ஆன அந்த முடிச்சே கட்டி. அதிலிருந்து கசியும் நீர்தான் பையாகத் திரள்கிறது.

இரண்டாவது: சிறுமூளையில் இக்கட்டி உள்ளவர்களுள் சிலருக்கு விழித்திரையிலும் அதே கட்டி, சிறுநீரகத்திலும் கணையத்திலும்கூட நீர்ப்பைகளோ கட்டிகளோ இருந்தன. இவை தனித்தனி நோய்கள் அல்ல; ஒரே நோயின் கிளைகள். இன்று அதற்கு வோன் ஹிப்பல் - லிண்டாவ் நோய் என்று பெயர்.

லிண்டாவ் எந்தப் புதுக் கருவியையும் கண்டுபிடிக்கவில்லை. சேர்த்து வைத்துப் படித்தார், அவ்வளவுதான். "இது என் பாடமன்று" என்று ஒதுங்காமல், கண் மருத்துவரின் ஏட்டையும் திறந்து பார்த்தார். நம் பள்ளிகளில் பாடங்களுக்கு இடையே நாம் எழுப்பி வைத்திருக்கும் சுவர்களை நினைக்கும்போதெல்லாம் இவர் என் நினைவுக்கு வருவார்.

1928-இல் அமெரிக்காவின் ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும் மூளையின் குருதிக்குழல்களில் தோன்றும் கட்டிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். அதுவரை குழம்பிக் கிடந்த ஒன்றை அவர்கள் தெளிவாகப் பிரித்தனர். பிறவியிலேயே குழல்கள் முறை தவறிப் பின்னிக் கிடப்பது ஒரு வகை; அது கட்டியன்று. உண்மையாகவே வளர்கின்ற கட்டி இன்னொரு வகை. இரண்டாம் வகைக்கு அவர்கள் இட்ட பெயர் ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா. நாக்கைச் சுளுக்கும் பெயர்தான்! கிரேக்க வேர்களாகப் பிரித்தால் எளிது. 'ஹீமா' குருதி, 'ஆஞ்சியோ' குழல், 'பிளாஸ்ட்' முளை, 'ஓமா' கட்டி. தமிழில் குருதிக்குழல் முளைக்கட்டி எனலாம்.

மண்டை ஓட்டுக்குள் தோன்றும் கட்டிகளுள் நூற்றுக்கு இரண்டு அளவே இவ்வகை. இது புற்றன்று, பரவி ஓடாது. ஆனால் இருக்கும் இடம் பொல்லாதது. சிறுமூளைதான் நம் நடையையும் கைவிரல்களின் நுட்பத்தையும் பேச்சின் ஒழுங்கையும் சீர்செய்கிறது. அது அமைந்திருக்கும் பின்மண்டை அறை மிகக் குறுகியது. மூளை நீர் வடியும் வழியும் அங்கேதான் செல்கிறது. கட்டியோ நீர்ப்பையோ வளர்ந்தால் நடை தள்ளாடும், எழுத்து கோணும், நாக்குக் குழறும். நீர் வழி அடைபட்டால் காலைத் தலைவலியும் வாந்தியும் வரும்.

இவற்றை மறுபடி படித்துப் பாருங்கள். குடித்தவனிடம் காணும் அடையாளங்களும் ஏறத்தாழ இவையே. மதுவும் சிறுமூளையைத்தான் தடுமாறச் செய்கிறது. எங்கள் ஆசிரியர் அறை கண்டதில் பிழையில்லை. கண்டதற்குச் சொன்ன காரணத்தில்தான் பிழை.

கத்தியை நிறுத்திய குருதி

நோய் இன்னது என்று தெரிந்தாலும், அதை எடுப்பது எப்படி? குருதிக் குழல்களாலேயே ஆன கட்டியில் கத்தி பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கை, கால் என்றால் இறுக்கிக் கட்டிக் குருதியை நிறுத்தலாம். மூளையில் எதைக் கட்டுவது? நூலால் முடிச்சுப் போட்டால் அந்த மென்மையான திசு கிழிந்துவிடும்.

மூளை அறுவைக் கலையின் தந்தை என்று போற்றப்படும் குஷிங், குருதி சிந்தாமல் அறுப்பதைத் தம் வாழ்நாள் தவமாகக் கொண்டவர். நூல் கட்ட முடியாத குழல்களைக் கவ்விப் பிடிக்கச் சிறு வெள்ளிக் கவ்விகளை 1911-இல் அறிமுகம் செய்தார். அதுவும் போதவில்லை. எத்தனையோ தலைகளைத் திறந்து, கட்டியைக் கண்ணால் கண்டு, குருதிப் பெருக்குக்கு அஞ்சி மீண்டும் மூடித் தைக்க வேண்டியதாயிற்று.

அப்போதுதான் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் போவியின் கருவியைப் பற்றி அறிந்தார். அதிக அலைவெண் கொண்ட மின்னோட்டத்தால் திசுவை அறுக்கவும், கசியும் குழலைச் சுட்டு உறைய வைக்கவும் வல்ல கருவி அது. 1926-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் குஷிங் அதை முதன்முறை பயன்படுத்தினார். நோயாளி 64 வயது முதியவர். தலையில் குருதி மிகுந்த கட்டி. சில நாள்களுக்கு முன்புதான் அதே கட்டியை எடுக்க முயன்று, குருதி பெருகியதால் குஷிங் பாதியில் நிறுத்தியிருந்தார். இம்முறை போவி அருகில் நின்று கருவியை இயக்க, கட்டி துண்டு துண்டாக வெளியே வந்தது.

அதன்பின் குஷிங் செய்த காரியம்தான் என் நெஞ்சைத் தொட்டது. தம்மால் எடுக்க முடியாது என்று முன்பு கைவிட்ட நோயாளிகளைத் திரும்ப அழைத்தார். தோல்வியுற்றவர்களின் பட்டியலை அவர் தூக்கி எறியவில்லை. ஒருநாள் வழி பிறக்கும் என்று வைத்திருந்தார் போலும்.

லிண்டாவின் ஆய்வேடும் போவியின் மின்கத்தியும் ஒரே ஆண்டில் வந்தவை என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும். நீர்ப்பையில் உள்ள நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தால் நோயாளி நலமடைவார். ஆனால் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ பை மீண்டும் நிறையும். லிண்டாவ் காட்டிய அந்தப் பட்டாணி முடிச்சைத் தேடி எடுத்தால்தான் நோய் தீரும். எதை எடுக்க வேண்டும் என்று ஒருவர் காட்ட, எப்படி எடுக்கலாம் என்று மற்றொருவர் காட்டினார்.

எலும்புக்குள் எப்படிப் பார்ப்பது?

இன்னொரு தடை மீதம் இருந்தது. முடிச்சு எங்கே இருக்கிறது என்று திறக்கும் முன்பே தெரிய வேண்டும்.

1895-இல் ரோன்ட்ஜென் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அதில் மண்டை ஓடு தெரியும். உள்ளிருக்கும் மூளை தெரியாது. 1918-இல் பால்டிமோர் நகரின் வால்டர் டேண்டி, மூளையின் உள்ளறைகளில் உள்ள நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார். அறையின் வடிவம் நசுங்கியிருந்தால் பக்கத்தில் கட்டி என்று ஊகிக்கலாம். நோயாளிக்கு அது பெருந்துன்பம் தந்த முறை.

கட்டியின் குருதிக்குழல்களையே படம் பிடிக்க நினைத்தவர் போர்த்துகல் நாட்டின் எகாஸ் மோனிஸ். அவர் அரசியல்வாதியாகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்துவிட்டு மருத்துவ ஆய்வுக்குத் திரும்பியவர். எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய ஒரு கரைசலைக் கழுத்துத் தமனியில் செலுத்தினால் மூளையின் குழல்கள் மரக்கிளைகள்போல் படத்தில் தெரியுமல்லவா? கீல்வாதத்தால் அவர் விரல்கள் முடங்கியிருந்தன. ஆகவே ஊசியைப் பிடித்தவர் அவருடைய இளைய துணைவர் அல்மைடா லிமா. முதலில் பயன்படுத்திய கரைசலால் ஒரு நோயாளி உயிரிழந்தார். பின் கரைசலை மாற்றினார்கள். 1927-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் லிஸ்பன் நகரில் முதல் தெளிவான படம் கிடைத்தது.

குருதிக்குழல் கட்டிகளுக்கு இது பெரும் வரமாக அமைந்தது. கட்டிக்குள் எந்தக் குழல் நுழைகிறது, எது வெளியேறுகிறது என்று அறுவைக்கு முன்பே அறிய முடிந்தது.

ஆயினும் வரலாற்றின் கசப்பையும் மறைக்கலாகாது. பின்னர்ப் பல நாடுகளில் தோரோட்ராஸ்ட் என்னும் தோரியக் கரைசலைப் பயன்படுத்தினார்கள். படம் மிகத் தெளிவாக வந்தது. நோயாளிக்கு உடனே தீங்கும் தெரியவில்லை. ஆனால் தோரியம் கதிரியக்கப் பொருள். அது உடலை விட்டு நீங்காமல் கல்லீரலில் தங்கிவிட்டது. பல பத்தாண்டுகள் கழித்து அவர்களுள் பலருக்குக் கல்லீரல் புற்று வந்தது. அவற்றுள் ஒரு வகை, குருதிக்குழல்களிலேயே தோன்றும் புற்று! குழல்களைக் காணச் செலுத்திய மருந்தே குழல்களில் புற்றை விளைவித்தது. 1950-களில் அதன் பயன்பாடு முடிவுக்கு வந்தது.

மோனிசுக்கு 1949-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதுவும் இந்தப் படத்துக்காக அன்று. மனநோய்க்கு மூளை நரம்புகளை வெட்டும் அறுவைக்காக. அந்த அறுவையை உலகம் பின்னர்க் கைவிட்டது. அவர் கண்ட குழல் படமோ இன்றும் வாழ்கிறது.

மூளையையே நேரடியாகக் காட்டிய சி.டி. ஸ்கேன் வந்தது 1971-இல். இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்ட் அதை உருவாக்கினார். இலண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், மருத்துவர் ஜேம்ஸ் அம்ப்ரோஸ் துணையுடன், மூளைக் கட்டி இருக்கலாம் என ஐயுற்ற ஒரு பெண்மணிக்கு முதல் படம் எடுத்தார்கள். 80-க்கு 80 கட்டங்கள் கொண்ட மங்கலான படந்தான். ஆனால் கட்டி இருந்த இடம் தெரிந்தது! அந்த நாளும் அக்டோபர் முதல் நாளே. குஷிங் மின்கத்தியை எடுத்த நாளிலிருந்து சரியாக 45 ஆண்டுகள்.

அதன்பின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்தது. 1988 முதல் கடோலினியம் கலந்த மருந்தை நாளத்தில் ஏற்றிப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். குருதி மிகுந்த முடிச்சு அப்போது இருட்டில் ஏற்றிய விளக்குபோல் ஒளிர்கிறது. மிகச் சிறிய முடிச்சும் தப்பாது.

நுண்ணோக்கியின் கீழ்

அறுவை முறையும் உடன் வளர்ந்தது. போவியின் மின்சாரம் அக்கம்பக்கத் திசுவிலும் பரவும். 1940-இல் ஜேம்ஸ் கிரீன்வுட், இடுக்கியின் இரு முனைகளுக்கு இடையில் மட்டும் மின்னோட்டம் பாயும் முறையைக் கொண்டு வந்தார். 1957-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தியோடர் குர்ஸே மூளை அறுவைக்கு நுண்ணோக்கியைப் பயன்படுத்தினார். துருக்கியில் பிறந்த காஸி யாசர்கில், அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் நுண் அறுவையைப் பயின்று, 1967 முதல் சூரிக் நகரில் அதை ஒரு முழுக் கலையாக வளர்த்தார்.

இக்கட்டியை எடுப்பதற்கு இன்று ஒரு பொன் விதி உண்டு. கட்டிக்குள் கத்தியை வைக்கக் கூடாது. வேறு பல கட்டிகளை உள்ளிருந்து குடைந்து சிறிதாக்கி எடுப்பார்கள். இதில் அவ்வாறு செய்தால் குருதி பீறிடும். கட்டியைச் சுற்றி வட்டமாக, மூளைக்கும் அதற்கும் இடையிலுள்ள மெல்லிய எல்லையிலேயே செல்ல வேண்டும். உள்ளே வரும் தமனிகளை ஒவ்வொன்றாகச் சுட்டு அறுக்க வேண்டும். குருதியை வெளியேற்றும் சிரையைக் கடைசியில்தான் தொட வேண்டும். முறை மாறினால், வரவு நிற்காமல் வெளிவழி மட்டும் அடைபட்டு, கட்டி வீங்கி வெடிக்கும். வாய்க்காலின் தலைமடையை அடைக்காமல் கடைமடையை அடைத்தால் வரப்பு உடையுமே, அதைப் போல. நீர்ப்பையின் சுவரை வெட்டி எடுக்க வேண்டியதில்லை. முடிச்சு போனால் பை தானே சுருங்கிவிடும்.

அண்ணனின் சிறுமூளையில் எலுமிச்சை அளவு நீர்ப்பையும் அதன் சுவரில் ஒரு பட்டாணி முடிச்சும் இருந்தன. அறுவை ஆறு மணி நேரம் நடந்தது. வெளியே நடைபாதையில் அண்ணியாருடன் நாங்கள் நால்வர் அமர்ந்திருந்தோம். ஆசிரியர் அறையில் சிரித்தவர்களும் அந்த நால்வருள் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துப் பேசவில்லை.

அணையாத மணி

நோய் ஏன் குடும்பத்தில் தொடர்கிறது என்பது 1993-இல் தெரிந்தது. மூன்றாம் இனக்கீற்றில் உள்ள ஒரு மரபணு பழுதுபடுவதே காரணம். பெற்றோருள் ஒருவரிடம் அப்பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஏறத்தாழ 36,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் அமைகிறது. சிறுமூளையில் இக்கட்டி வரும் எல்லாருக்கும் குடும்ப நோய் இருப்பதில்லை. நால்வரில் ஒருவருக்கே இருக்கும். யார் அந்த ஒருவர் என்று அறியத்தான் குடும்பத்தைப் பற்றிக் கேட்கிறார்கள்.

அந்த மரபணுவின் வேலை என்ன? உயிரணுவுக்கு உயிர்வளி குறைந்தால் ஓர் எச்சரிக்கை மணி அடிக்கும். புதிய குருதிக்குழல்களும் சிவப்பணுக்களும் உருவாகுமாறு அது கட்டளையிடும். உயிர்வளி போதுமான அளவு வந்ததும் மணியை நிறுத்துவது இந்த மரபணு உருவாக்கும் புரதம். அது பழுதுபட்டால் மணி நிற்பதே இல்லை. வேண்டாத இடத்தில் குழல்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். இக்கட்டி உள்ள சிலருக்குக் குருதியில் சிவப்பணுக்கள் மிகுந்து காணப்படுவதும் இதனால்தான். இந்த மணியின் இயக்கத்தைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா மூவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர். அவர்களுள் கேலின் இக்குடும்ப நோயையே ஆராய்ந்து அந்த உண்மைக்கு வந்தவர். அரிய நோய் ஒன்று எல்லா உயிரணுவுக்கும் பொதுவான ஒரு விதியைக் காட்டிக்கொடுத்தது! அந்த மணியை அடக்கும் பெல்சுடிஃபான் என்னும் மாத்திரைக்கு 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. உடனே அறுவை தேவைப்படாத நிலையில், இக்குடும்ப நோயால் வரும் கட்டிகளைச் சுருக்க அது உதவுகிறது. நோயை வேரறுக்கும் மருந்தன்று; எனினும் கத்தியைத் தள்ளிப்போட ஒரு வழி.

ஒரு குடும்பம், மூன்று தலைமுறை

அண்ணன் பிழைத்தார். நடை பழக நான்கு மாதங்கள் ஆயின. கையெழுத்து முன்போல் முழுமையாகத் திரும்பவில்லை. ஆனால் மீண்டும் வகுப்பறைக்கு வந்து வெண்பலகையில் எழுதினார். முதல் நாள் நான் அவரிடம், "அண்ணே, அன்றைக்கு உங்கள் மூச்சை முகர்ந்து பார்த்தேன்" என்று சொன்னேன். "தெரியும் தம்பி. நீ ஒருவன்தான் பக்கத்தில் வந்து பார்த்தாய். மற்றவர்கள் தூரத்திலிருந்தே முடிவு செய்துவிட்டார்கள்" என்றார். அதை அவர் ஆறுதலாகச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் சென்று பார்த்தும் வாய் திறக்காதவன் தூரத்தில் நின்றவனைவிட உயர்ந்தவனா?

அவருடைய பிள்ளைகள் இருவருக்கும் மரபணுச் சோதனை செய்தார்கள். மகனுக்கு இல்லை. மகளுக்கு இருந்தது. ஆண்டுதோறும் அவளுக்குக் கண் பரிசோதனை. உரிய வயதிலிருந்து ஸ்கேன் பரிசோதனையும் உண்டு. பதினான்கு வயதில் விழித்திரையின் ஓரத்தில் ஒரு செம்பொட்டுத் தெரிந்தது. வோன் ஹிப்பல் 1904-இல் விவரித்த அதே பொட்டு. இன்னும் சிறியதாக இருந்ததால் லேசர் ஒளியால் சுட்டுவிட்டார்கள். மறுவாரம் பள்ளிக்குப் போய்விட்டாள்.

பாட்டனுக்கு ஒரு கண் போனது; காரணம் தெரியவில்லை. அவருடைய அண்ணனுக்கு உயிரே போனது, செய்வினை என்றார்கள். அடுத்த தலைமுறையில் மகனைக் குடிகாரன் என்றார்கள். ஒரு கண் மருத்துவரின் கேள்வி காப்பாற்றியது. பேத்திக்கு நோய் வருமுன்பே நாள் குறித்துக் காத்திருக்கிறார்கள். மருத்துவ வரலாறு என்பதை நூலகத்தில் தேட வேண்டியதில்லை. இந்த ஒரு குடும்பத்திலேயே அது முழுமையாக எழுதப்பட்டிருக்கிறது.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாணவனின் கையெழுத்து திடீரெனக் கெட்டால், அடிக்கடி தடுக்கி விழுந்தால், காலையில் தலைவலியும் வாந்தியும் தொடர்ந்தால், 'கவனக் குறைவு' என்று குறிப்பேட்டில் எழுதும் முன் பெற்றோரை அழைத்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இராது. ஏதேனும் இருந்தால் அந்த ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கும். உடன் பணியாற்றும் ஒருவர் தள்ளாடி நடந்தாலும் அப்படியே. முகர்ந்து பார்ப்பதைவிட, "என்ன அண்ணே, உடம்புக்கு என்ன?" என்று கேட்பது எளிது. அன்று நான் அதைக் கேட்கவில்லை. இப்போதெல்லாம் கேட்கிறேன்.